காய்ச்சல் இல்லாத சிவப்பு: கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியின் மூத்த மகளிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும், கடந்துபோன நாட்களின் கணக்கையும், நான் செய்த தவறுகளையும் மாற்றவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டால் கோத்தகிரிப் பக்கம் மழை விடாது. தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் பந்தலூரையும் நனைத்துவிட்டுப் போய்விடும். எங்கள் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அந்த இரண்டு மாதமும் எங்கள் சிறிய மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் பாதிக் கூட்டம் தோல் சம்பந்தப்பட்டதாகவே இருக்கும். சேற்றுப்புண், படை, அட்டை கடித்துச் சொறிந்து சீழ் வைத்த கால்கள். பத்துப் பேருக்கு மேல் பார்த்துவிட்டால் கை தானாகவே மருந்துச் சீட்டை எழுதத் தொடங்கிவிடும். இந்த நிகழ்வில் முதல் பிழை அந்தக் கைப்பழக்கத்திலிருந்து வந்தது.

முதல் நாள்

அவருக்கு வயது 56. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஏழு வயதில் பெற்றோருடன் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. தலையில் துண்டைக் கட்டியபடியே வந்து உட்கார்ந்தார். அடிவயிற்றின் இடப்பக்கம் மூன்று வாரமாகச் சிவந்திருக்கிறது, லேசான எரிச்சல், வலி பெரிதாக இல்லை என்றார்.

காரணத்தையும் அவரே சொன்னார். "படங்கு உரசி வந்தது, டாக்டர் அம்மா."

படங்கு என்பது கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொள்ளும் சாக்கு அல்லது ரெக்சின் துணி. ஈரச் செடியும் குச்சியும் உடம்பைக் கிழிக்காமல் அது காக்கும். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் இறங்கி, காலை முதல் மாலை வரை அதே ஈரம் அடிவயிற்றில் உரசிக்கொண்டிருக்கும். சிவப்பு இருந்த இடமும் படங்கின் முடிச்சு விழும் இடமும் ஒன்றாகவே இருந்தன. இவ்வளவு பொருத்தமான விளக்கம் கிடைத்த பிறகு யார்தான் வேறு விளக்கம் தேடுவார்கள்?

எனக்கு முன்பே மூன்று பேர் அந்தச் சிவப்புக்கு வைத்தியம் பார்த்திருந்தார்கள். டிஸ்பென்சரியில் ஐந்து நாளைக்கு அமாக்சிசிலின் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் ஒரு டியூப் கொடுத்தார்கள்; பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டும் சேர்த்துப் பிசைந்த களிம்பு அது. அதைப் பூசிய நான்கு நாள் சிவப்பு மங்கியது, பிறகு முன்பைவிடப் படர்ந்தது. எந்தச் சிவப்பையும் ஸ்டீராய்டு சில நாட்களுக்கு மங்கவைக்கும். அந்த நான்கு நாள் நிம்மதியை நம்பித்தான் நம் ஊரில் அந்த டியூப்கள் கடலை மிட்டாய்போல விற்கின்றன.

மூன்றாமவர் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் மண்பாண்டம் செய்யும் பெரியவர். அக்கி என்று முடிவுசெய்து, செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு மூன்று நாள் எழுதியிருக்கிறார். அந்தக் காவி இன்னும் போகவில்லை. நான் பார்க்கும்போது எது காவி, எது தோல் என்றே தெரியவில்லை. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொன்னேன்.

கழுவிய பிறகு பார்த்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பாடநூல் படங்களில் உள்ள தோல் வெள்ளைக்காரர் தோல். சிவப்பு அதில் செக்கச்சிவப்பாகத் தெரியும். நம் மாநிறத்திலும் கருநிறத்திலும் அது செம்புக் குடத்தின் அடிப்பாகம்போல, கருமை கலந்த ஊதாவாகத்தான் தெரியும். தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் தொடங்கி, தொடை மடிப்பைத் தொட்டு, 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலத்துக்கு அந்த நிறம் பரவியிருந்தது. ஓரம் தெளிவாக, வரைந்ததுபோல இருந்தது. தொட்டால் வெதுவெதுப்பு. உடல் வெப்பம் 98.4. நாடித்துடிப்பு 84. இரத்த அழுத்தம் 124/78. இடது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. புண் இருக்கும் பக்கம் நெறி கட்டுவது வழக்கம்தானே என்று அதை அழுத்திக்கூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டேன்.

தொப்புளிலிருந்து கீழ்நோக்கி நேர்கோடாக ஓர் அறுவைத் தழும்பு. "என்ன ஆபரேஷன்?" என்றேன். "கர்ப்பப்பை எடுத்தாயிற்று" என்றார். 'கர்ப்பப்பை அகற்றம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். நாற்பதைத் தாண்டிய பெண்களில் பலர் எங்களிடம் சொல்லும் வாக்கியம் அது. காதில் விழும், மனதில் நிற்காது.

மழைக்காலத்தில் மலையில் பார்க்க வேண்டிய இன்னொன்றையும் பார்த்தேன். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் ஒட்டுண்ணி, பெரும்பாலும் துணி இறுக்கும் இடங்களில்தான் கடிக்கும். கடித்த இடம் சிகரெட்டால் சுட்டதுபோலக் கருத்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. காய்ச்சலே இல்லாதவருக்கு அதைத் தேடியதே அதிகம்தான். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தோம், பூஞ்சை இல்லை. செல்லுலைட்டிஸ், அதாவது தோலுக்கடியில் பரவும் கிருமித்தொற்று என்று முடிவுகட்டி, செஃபலெக்சின் 500 மில்லிகிராம் ஒரு நாளைக்கு நான்கு வேளை எழுதிக்கொடுத்தேன். நீல மார்க்கர் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைந்து, நான்கு நாள் கழித்து வரச் சொன்னேன். பெரியவரின் சிவப்பு எல்லைக்கு வெளியே என் நீல எல்லை.

கோட்டைத் தாண்டியது

ஐந்தாம் நாள் வந்தபோது தொடைப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குச் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. செல்லுலைட்டிஸில் முதல் நாள் சிவப்பு கொஞ்சம் கூடலாம். மூன்றாம் நாளுக்குள் அடங்கத் தொடங்க வேண்டும். அடங்காவிட்டால் மருந்து தவறாக இருக்கலாம், கிருமி முரண்டு பிடிக்கலாம், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், அல்லது நோயே வேறாக இருக்கலாம். முதல் மூன்றை மட்டுமே யோசித்தேன். அமாக்சிசிலின்–கிளாவுலனேட்டுக்கு மாற்றினேன். எட்டாம் நாள் படுக்கையில் சேர்த்து, செஃப்ட்ரையாக்சோனும் கிளிண்டாமைசினும் நரம்பில் ஏற்றத் தொடங்கினேன்.

இரத்தப் பரிசோதனை எனக்குப் பிடிக்காத பதிலைத் தந்தது. வெள்ளை அணுக்கள் 7,600, நியூட்ரோஃபில் 62 சதவீதம். இவ்வளவு தோல் பரப்பில் கிருமி சண்டை போட்டுக்கொண்டிருந்தால் எண்ணிக்கை இப்படிச் சாதுவாக இருக்காது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். 58, சி.ஆர்.பி. 22. இரண்டும் லேசாகக் கூடியிருந்தன. அவை எதற்கும் கூடும். நான் அந்த இரண்டைப் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டேன். பிடித்த சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றும் வக்கீல் வேலை இது. அல்ட்ராசவுண்டில் தோலும் அடிக்கொழுப்பும் தடித்து நீர்கோத்திருப்பது தெரிந்தது, சீழ் இல்லை.

பதினோராம் நாள் இடது காலும் வீங்கியது.

செவிலியர் சொன்னது

பன்னிரண்டாம் நாள் காலை, வார்டில் அவருக்கு உடம்பு துடைத்துவிட்ட மூத்த செவிலியர் என்னிடம் வந்தார். எங்கள் மருத்துவமனையில் என்னைவிட அதிக ஆண்டுகள் இருப்பவர். "டாக்டர், அந்த இடத்தை நான் அழுத்தித்தான் துடைத்தேன். அந்த அம்மா சீரியலைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறார். செல்லுலைட்டிஸ் என்றால் கையைத் தட்டிவிடுவார்களே?"

போய்ப் பார்த்தேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு விரலால் பார்த்தேன். கிருமியால் வீங்கிய தோல் மாவுபோல இருக்கும். அழுத்தினால் குழி விழும், நோயாளி முகம் சுளிப்பார். இது ஊறி உலர்ந்த தோல் செருப்புபோல விறைப்பாக இருந்தது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தபோது மயிர்க்கால்கள் எல்லாம் உள்ளிழுத்த புள்ளிகளாக, கமலா ஆரஞ்சுத் தோல்போலத் தெரிந்தன. சிவப்பின் வெளி ஓரத்தில், பார்த்தால் தெரியாமல் தடவினால் மட்டும் தட்டுப்படும்படி, மிளகு அளவில் மூன்று முடிச்சுகள். தொடை இடுக்கில் இருந்த நெறிக்கட்டி கூழாங்கல்போல அசையாமல் இருந்தது. தொற்றினால் வரும் நெறிக்கட்டியைத் தொட்டாலே உயிர் போகும். இது வலிக்கவே இல்லை.

அடுத்துத் தொப்புளைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகர செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில், வில்லியம் மேயோ என்ற அறுவை மருத்துவருக்கு உதவியாளராக இருந்தவர் கன்னியாஸ்திரீ மேரி ஜோசப் டெம்ப்சி. அறுவைக்கு முன் நோயாளிகளின் வயிற்றைத் துடைத்துத் தயார்செய்வது அவர் வேலை. தொப்புளில் கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டவர்களுக்கு வயிற்றுக்குள் முற்றிய புற்றுநோய் இருப்பதைக் கவனித்துச் சொன்னவர் அவர்தான். மேயோ 1928இல் அந்த முடிச்சைப் பற்றி எழுதினார். மேரி ஜோசப் பெயரை அதற்குச் சூட்டியவர் ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1949இல். டெம்ப்சி இறந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வயிற்றைத் துடைக்கும் கைக்குத் தெரிவது கத்தி பிடிக்கும் கைக்குத் தெரியாமல் போவது புதிதல்ல. எங்கள் நோயாளியின் தொப்புளில் எதுவும் இல்லை.

பிறகு கட்டிலில் உட்கார்ந்து பேசினேன். முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "ஆபரேஷனுக்கு முன்னாலோ பின்னாலோ, முடி கொட்டுகிற ஊசி ஏதாவது போட்டார்களா, அம்மா?"

அவர் தலைத்துண்டை அவிழ்த்தார். கழுத்தளவு முடி, சுருள் சுருளாக. "எனக்குச் சுருட்டை முடியே கிடையாது. ஊசி போட்டபின் இப்படித்தான் முளைத்தது."

மறுநாள் மகள் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் பையில் சுற்றிய கோப்பைக் கொண்டுவந்தார். முழுக் கதையும் அதில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வயிறு உப்பி, இரண்டு கவளம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது என்று அலைந்திருக்கிறார். வாயு, அல்சர் என்று ஐந்து மாதம் மாத்திரை. பிறகு கோயம்புத்தூரில் ஸ்கேன். சினைப்பைப் புற்றுநோய், வேகமாக வளரும் 'ஹை-கிரேட்' சீரஸ் வகை, நிலை 3சி, அதாவது வயிற்று அறைக்குள் பரவிய நிலை. இந்தப் புற்றுநோயில் இரத்தத்தில் ஏறும் சி.ஏ. 125 அளவு 1,140. இயல்பின் மேல்வரம்பு 35. கார்போபிளாட்டினும் பாக்ளிடாக்சலும் சேர்த்து மூன்று சுற்று கீமோ. அதன்பின் கர்ப்பப்பை, இரு சினைப்பைகள், குடலின்மேல் திரைபோலத் தொங்கும் கொழுப்பு மடிப்பு எல்லாவற்றையும் அகற்றினார்கள். மேலும் மூன்று சுற்று கீமோ. முடிவில் சி.ஏ. 125 அளவு 18. கடைசி ஊசி போட்டு 14 மாதம் ஆகியிருந்தது. இரண்டு முறை மறுபரிசோதனைக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் சம்பளம் போனது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நின்றுவிட்டார்.

'கேன்சர்' என்ற சொல்லை அவரிடம் யாரும் சொல்லவில்லை. "கட்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறோம், டாக்டர். பயந்துவிடுவார்கள்" என்றார் மகள். அதனால் நான் "புற்றுநோய் வந்திருக்கிறதா?" என்று முதல் நாள் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், அது பொய்யும் ஆகியிருக்காது. அன்றிலிருந்து வயிற்றில் நீண்ட தழும்போடு வரும் பெண்கள் எல்லோரிடமும் முடியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

தோலில் இருந்து எடுத்த இரண்டு துண்டு

பதின்மூன்றாம் நாள், மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு மில்லிமீட்டர் 'பஞ்ச்' என்ற வட்டக் கத்தியால் இரண்டு துண்டு எடுத்தேன். ஒன்று சிவப்பின் நடுவிலிருந்து, ஒன்று ஓரத்து முடிச்சிலிருந்து. இரண்டாவதைப் பாதியாக்கி, ஒரு பாதியைக் கிருமி வளர்ப்புக்கு உப்புநீரில் போட்டேன், மற்றவை ஃபார்மலினில். வேலை பத்து நிமிடம்கூட இல்லை. மூன்று ஆன்டிபயாட்டிக் மாற்றியதற்கு ஆன செலவில் இதைப் பலமுறை செய்திருக்கலாம். பாட்டில்களை ஆய்வகப் பையன் காலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனான்.

ஆறு நாளில் முடிவு வந்தது. மேல்தோல் முழுதாக இருந்தது. அதற்குக் கீழே நிணநீர் நாளங்கள் விரிந்து கிடந்தன. அவற்றுக்குள் புற்றணுக்கள் கொத்துக் கொத்தாக, சில இடங்களில் விரல்போல நீண்டு, அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு இடத்தில் வெங்காயச் சருகுபோல வளையம் வளையமாகச் சுண்ணாம்பு படிந்த உருண்டைகள்; சம்மோமா உருண்டை என்பார்கள், சீரஸ் வகைக் கட்டிகளில் அடிக்கடி காணப்படுபவை. அழற்சி அணுக்கள் மிகக் குறைவு. சாயப் பரிசோதனையில் சி.கே. 7, பாக்ஸ் 8, டபிள்யூ.டி. 1 என்ற புரதங்கள் மூன்றும் நேர்மறை. பி 53 அணுக்கரு முழுதும் அடர்த்தியாக. இவை சினைப்பையின் சீரஸ் வகைக்குப் பொருந்துபவை. சி.கே. 20, காட்டா 3 எதிர்மறை. முன்னது குடலையும் பின்னது மார்பகத்தையும் சந்தேகப் பட்டியலிலிருந்து தள்ளிவைக்க உதவின. கிருமி எதுவும் வளரவில்லை. காசநோய்க் கிருமியும் இல்லை.

மார்பகத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பெண்களின் தோலுக்குப் பரவும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகத்துக்குத்தான். இப்படித் தொற்றுநோய் வேடத்தில் பரவுவதிலும் அதற்கே முதலிடம். கையால் பரிசோதித்தோம், மேமோகிராமும் எடுத்தோம். எதுவும் இல்லை. சி.ஏ. 125 இப்போது 412. இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டக்கூடாது. வயிற்றுக் காசநோயிலும் ஈரல் கோளாறிலும் இது ஏறும். திசு கையில் இருந்ததால் எண்ணுக்குப் பொருள் வந்தது. சி.டி. ஸ்கேனில் இடுப்பிலும் இடது தொடை இடுக்கிலும் நிணநீர்க் கணுக்கள் பெருத்திருந்தன. வயிற்று உறையில் சில சிறு முடிச்சுகள். கல்லீரலும் நுரையீரலும் சுத்தம்.

கான் அடைத்துக்கொண்டால்

சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் வயிற்று அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பரவும். தோலுக்கு வருவது அரிது. வெளியான ஆய்வுத் தொகுப்புகளைப் பார்த்தால் நூற்றில் நான்கு பேர் என்ற அளவில்தான் இருக்கும். வருவதும் பெரும்பாலும் வயிற்றுச் சுவரில், தொப்புளில், பழைய அறுவைத் தழும்பில், வயிற்று நீரை வடித்த ஊசித் துளையில், முடிச்சாக வரும். முடிச்சாக வந்தால் யாரும் செல்லுலைட்டிஸ் என்று சொல்லமாட்டார்கள். இப்படிச் சிவந்த படலமாக வரும்போதுதான் ஏமாறுகிறோம்.

ஏன் சிவக்கிறது என்பதை நோயாளிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மகளின் சம்மதத்தோடு, மூன்று நாள் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். தேயிலை மலையில் கான் வெட்டாத சரிவு கிடையாது. மழைத் தண்ணீர் வடிய வெட்டும் அந்த வடிகாலைப் பற்றி அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"கானில் சருகு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும், அம்மா?"

"தண்ணீர் ஏறி லைன் வீட்டுக்குள் வரும்."

தோலிலும் அதேதான். தோலின் கசிவு நீரை நிணநீர் நாளங்கள் தொடை இடுக்குக் கணுக்களுக்குக் கொண்டுபோகின்றன. கணுவைப் புற்று பிடித்துக்கொண்டது. போக வழியில்லாத நீர் எதிர்த்திசையில் திரும்பியது. அதனோடு புற்றணுக்களும் தோலின் மெல்லிய நாளங்களுக்குள் ஏறி அடைத்துக்கொண்டன. நீர் தேங்கியது, தோல் தடித்தது, சுற்றியுள்ள இரத்தத் தந்துகிகள் விரிந்தன. சிவப்பும் வெதுவெதுப்பும் அந்தத் தேக்கத்தால் வந்தவை. கிருமியோடு சண்டை எதுவும் இல்லை, அதனால் காய்ச்சலும் இல்லை, வெள்ளை அணுக்களும் கூடவில்லை. கால் வீங்கியதும் அதே அடைப்பால்தான்.

சிவந்த தோலைத் தொற்று என்று தவறாக முத்திரை குத்துவது மலைப்பகுதி மருத்துவர்களுக்கு மட்டும் உரியதல்ல. கால் செல்லுலைட்டிஸ் என்று பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவிலிருந்து படுக்கையில் சேர்க்கப்பட்ட 259 பேரை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் 79 பேருக்கு இருந்தது செல்லுலைட்டிஸே அல்ல. அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தவை கால் சிரைகளில் இரத்தம் தேங்குவது போன்ற சாதாரணச் சங்கதிகள். புற்றுநோயைத் தேடி எல்லோர் தோலையும் துளைக்க வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சல் இல்லை, அணுக்கள் கூடவில்லை, வலி இல்லை, தொட்டால் விறைப்பு, வயிற்றில் தழும்பு என்று இத்தனையும் ஒருவரிடம் சேர்ந்திருந்தபோது நான் இரண்டாவது ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்கக்கூடாது. ஐந்தாம் நாள், சிவப்பு நீலக் கோட்டைத் தாண்டிய அன்றே தோல் துண்டை எடுத்திருக்க வேண்டும். எட்டு நாள் என் கணக்கில் வீண். முடிவு கைக்கு வந்தது பத்தொன்பதாம் நாள். அவருடைய ஆயுளை அந்த எட்டு நாள் குறைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கால் வீங்கத் தொடங்கிய அன்றே முடிவு கையில் இருந்திருக்கும். நடமாட்டத்தை நம்பிப் பிழைப்பவருக்கு அது சிறிய விஷயம் அல்ல.

பயிற்சி மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் ஒன்று: தோலில் வந்துவிட்டதால் இது நிலை 4பி, அதாவது வயிற்றைத் தாண்டித் தொலைவில் பரவிய நிலை, ஆகிவிட்டதா? முதல்முறை கண்டறியும்போதே தோலில் இருந்திருந்தால் அப்படித்தான் எழுதுவோம். திரும்பி வந்த நோய்க்கு நிலை எண்ணை மாற்றுவதில்லை. 3சி, மீள்வரவு என்றே எழுத வேண்டும்.

சிகிச்சை

கடைசிக் கீமோவுக்கும் மீள்வரவுக்கும் இடையே ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் பிளாட்டினம் மருந்து மறுபடி வேலை செய்யும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. இவருக்கு 14 மாதம். கோயம்புத்தூர் புற்றுநோய் மருத்துவர் பழைய இரண்டு மருந்துகளையே திரும்பத் தொடங்கினார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்ததால் மருந்துக்குப் பணம் கேட்கவில்லை. பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் கூடவரும் ஆளின் சம்பளத்துக்கும் அட்டை கிடையாது.

முதல் சுற்று முடிந்து மூன்றாவது வாரம் சிவப்பின் ஓரம் குலைந்திருந்தது. இரண்டாவது சுற்றில், கார்போபிளாட்டின் ஏறிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கை அரித்திருக்கிறது; முகமும் மார்பும் குப்பென்று சிவந்திருக்கின்றன. அருகில் இருந்த மகள் நோய்தான் முகத்துக்கு ஏறிவிட்டது என்று அலறிவிட்டார். அது மருந்து ஒவ்வாமை. கார்போபிளாட்டின் முதல் ஆறு முறை சாதுவாக இருந்துவிட்டு, வாழ்நாள் கணக்கில் எட்டாவது முறை வாக்கில் காலை வாரிவிடுவது பிரசித்தம். முன்பு ஆறு, இப்போது இரண்டு. கணக்குச் சரியாக இருந்தது. உடனே நிறுத்தி, அடுத்த சுற்றிலிருந்து நீர்த்த அளவில் தொடங்கி மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றும் முறையில் கொடுத்தார்கள். ஆறு சுற்றும் முடிந்தது. சி.ஏ. 125 அளவு 41க்கு இறங்கியது. சிவப்பு இருந்த இடம் பழைய தீக்காயம்போலப் பழுப்பாகி மெத்தென்று ஆனது. காலுக்கு அழுத்தக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தோம். அவர் அதைப் படங்கு கட்டும் அதே முடிச்சில் கட்டினார். எங்கள் பிசியோதெரபிஸ்ட் காட்டிய முடிச்சைவிட நன்றாக நின்றது.

மரபணுப் பரிசோதனையில், மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. 1 என்ற பரம்பரைப் பிறழ்வு இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குக் கீமோவுக்குப் பின் ஒலாபரிப் மாத்திரை நோயைத் தள்ளிப்போடும். மாதாமாதம் ஆகும் செலவைக் கேட்டதும் "அதை என் பேத்திகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவரே பேச்சை முடித்துவிட்டார்.

ஐந்து மாதத்தில் சிவப்பு திரும்பியது. ஆறு மாதத்துக்குள் திரும்பினால் பிளாட்டினத்துக்கு அடங்காத நோய் என்று பொருள். வாரம் ஒருமுறை பாக்ளிடாக்சல் நான்கு வாரம் கொடுத்தார்கள். சிவப்பு நிற்கவில்லை, அவரும் களைத்துவிட்டார். பிறகு வலிக்கு மார்ஃபின் மாத்திரை. தோல் வெடித்துக் கசிந்தபோது, மெட்ரோனிடசால் மாத்திரையைப் பொடித்துப் புண்ணின்மேல் தூவக் கற்றுக்கொடுத்தோம். துர்நாற்றத்துக்கு அதைவிட மலிவான, நல்ல வழி எனக்குத் தெரியாது. லைன் வீடு என்றால் ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பங்கள். நாற்றம் அடங்கியதும்தான் பக்கத்து வீட்டுப் பெண்கள் மறுபடி வந்து கட்டிலில் உட்கார்ந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் செவிலியர் வாரம் இருமுறை வந்து கட்டு மாற்றினார். தோல் திசு முடிவு வந்து 13 மாதம் கழித்து, ஒரு தை மாதம், வீட்டிலேயே இறந்தார்.

மகள்கள்

பி.ஆர்.சி.ஏ. 1 பிறழ்வு தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகனுக்கும் வரலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தக் குடும்பத்தில் மகன் இல்லை. கோப்பைக் கொண்டுவந்த மூத்த மகளுக்கு வயது 34, இரண்டு குழந்தைகள். அவருக்கும் பிறழ்வு இருக்கிறது. பேசியபோது அழவில்லை. "அம்மாவுக்கு வாயு என்று ஐந்து மாதம் மாத்திரை கொடுத்தார்களே, அதுபோல எனக்கு நடக்காதல்லவா?" என்று கேட்டார். பிள்ளைப்பேறு முடிந்த பெண்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிவிடப் பரிந்துரைக்கிறோம். அடுத்த கோடை விடுமுறையில், பிள்ளைகள் பள்ளி மூடியதும் வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. மார்பகத்துக்கு ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ.

இளைய மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். வயது 29. இரண்டு முறை ஃபோன் செய்தேன். வருகிறேன் என்கிறார், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் விடுமுறை. எங்கள் ஆய்வகம் ஞாயிறு மூடியிருக்கும். வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆய்வகத்தைத் திறந்துவைக்கும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன்.